பிளாஸ்திரி ஒட்டிய கண்ணாடி

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் ஆஸ்பத்திரி லேபுக்குப் புதிதாக ஒரு பயிற்சி டாக்டர் வந்திருக்கிறான். மூக்கில் பட்டையான கருப்புக் கண்ணாடி, கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை, பையில் மூன்று பேனா. என் பழைய கல்லூரி அடையாள அட்டைதான் எழுந்து நடந்து வந்துவிட்டதோ என்று நினைத்தேன். நம்ம ஆள் என்று பாசம் பொங்கிவிட்டது.

"பவர் எவ்வளவு தம்பி?"

"பவரா? அதெல்லாம் இல்ல சார். சும்மா, ஸ்டைலுக்கு."

கழற்றி, ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டிக் காட்டுகிறான்! லென்ஸே கிடையாது, வெறும் ஃப்ரேம்.

என்னுடையதைக் கழற்றிக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தவன் மேஜையைப் பிடித்துக்கொண்டான். "சார், தலை சுத்துது." சுத்தட்டும். எனக்கு எட்டு வயதிலிருந்து ஊரே சேர்ந்து சுற்றிவிட்ட தலை.

மார்ச் 6, வெள்ளி

கண் டாக்டரம்மா தேதி கொடுத்துவிட்டார். இரண்டு கண்ணிலும் புரை. பவர் அதிகமாக இருப்பவர்களுக்குச் சீக்கிரமே வந்துவிடுமாம். முதலில் வலது, இரண்டு வாரம் கழித்து இடது.

"உள்ளயே லென்ஸ் வச்சிடுவோம். அப்புறம் இந்தக் கண்ணாடியே உங்களுக்குத் தேவைப்படாது. படிக்க மட்டும் சின்னதா ஒண்ணு போதும்."

நல்ல செய்தி சொல்லும் முகத்தோடு சொன்னார். நானும் நல்ல செய்தி கேட்கும் முகத்தோடு கேட்டுக்கொண்டேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னதும் இவள், "அப்பாடா! இனிமே காலையில எந்திரிச்சதும் கண்ணாடி எங்க, கண்ணாடி எங்கன்னு வீட்டையே தலைகீழாப் புரட்ட மாட்டீங்க" என்றாள். புரட்ட மாட்டேன்தான்.

மார்ச் 8, ஞாயிறு

கண்ணாடியைத் துடைக்கும்போது பழையதெல்லாம் வருகிறது.

முதல் கண்ணாடி போட்டுக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்த அன்றுதான் எங்கள் வாத்தியாருக்கு மீசை இருக்கிறது என்று தெரிந்தது. அதுவரை மூக்குக்குக் கீழே ஏதோ நிழல் என்று நினைத்திருந்தேன். அன்று மதியமே எனக்குப் பெயரும் மாறிவிட்டது. சோடாபுட்டி. வீட்டில் வைத்த பெயர் வருகைப் பதிவுக்கு மட்டும்தான்.

விளையாட ஆள் பிரிக்கும்போது கடைசிவரை நிற்பது நான்தான். "நீ பழம்டா. ஓரமா உக்காந்து ஸ்கோர் எழுது." எழுதினேன். பள்ளியிலும் எழுதினேன், கல்லூரியிலும் எழுதினேன். வாலிபால் கோர்ட்டின் ஓரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, பந்தைத் தொடாமலே அந்த ஆட்டம் முழுக்க எனக்குள் இறங்கிவிட்டது. எந்தத் தோள் திரும்பினால் பந்து எங்கே விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கண்ணாடி இல்லாவிட்டால் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் எனக்கு ஒன்றுதானே.

அத்தனையையும் மொத்தமாகக் கொட்டியது மகளிடம். மொட்டை மாடியில், துணி காயும் கயிறுதான் வலை. கண்ணாடி விழாமல் இருக்கப் பின்மண்டையில் எலாஸ்டிக் கட்டிக்கொள்வேன். ஒரு விரலால் கண்ணாடியை மூக்கில் மேலே தள்ளினால் 'ரெடி' என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் பந்து வரும். அவளும் பதிலுக்கு இல்லாத கண்ணாடியைத் தள்ளிக் காட்டுவாள்.

பத்து வயதில் ஒருநாள் அடித்தாள் பாருங்கள் ஒரு ஸ்மாஷ். நேரே என் மூக்கு. ஃப்ரேம் நடுவில் இரண்டு துண்டு. அவள் அழுகிறாள், நான் குதிக்கிறேன். "என்னா அடி! என்னா அடி!" லேப் பிளாஸ்திரியை நடுவில் சுற்றி ஒட்டிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனேன். கண்ணாடிக் கடைக்காரர் பசை போட்டுப் பார்த்தார், நிற்கவில்லை. "ஃப்ரேமை மாத்திடுங்க சார்" என்றார். எதற்கு மாற்ற வேண்டும்? என் மகளின் முதல் ஸ்மாஷ் அது. மற்ற வீட்டில் கப்பை ஷோகேஸில் வைப்பார்கள், நான் மூக்கில் வைத்துக்கொண்டேன். லென்ஸ் மட்டும் மாறும், பிளாஸ்திரி அழுக்கானால் புதிது ஒட்டுவேன்.

அதற்கப்புறம் நடந்ததை இன்றைக்கு எழுத வேண்டாம்.

மார்ச் 14, சனி

வலது கண் முடிந்தது. வலி இல்லை. கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாதாம். நிறுத்துகிறேன்.

மார்ச் 20, வெள்ளி

வலது கண்ணுக்கு இனிக் கண்ணாடி வேண்டாம், இடதுக்கு வேண்டும். கடைக்காரர் வலது லென்ஸை மட்டும் எடுத்துவிட்டார். ஒரு பக்கம் சோடாபுட்டி, மறுபக்கம் ஓட்டை. மாடிப்படி ஒன்று இரண்டாகத் தெரிகிறது. பயிற்சி டாக்டர் என்னைப் பார்த்து, "சார், செம!" என்கிறான். கேலி இல்லை, நிஜமாகவே சொல்கிறான். இந்தக் காலத்தை என்னவென்று சொல்வது.

சாயங்காலம் மகள் வந்தாள். கிளப் அணியில் ஆடுவதால் விடுதியில்தான் தங்கல், இடையிடையே வீட்டுக்குத் தலைகாட்டுவாள். என்னைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஃபோட்டோ எடுத்துக்கொண்டாள். அப்புறம் போனில் ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஏழடி உயரப் பாஸ்கெட்பால் வீரர், பட்டைக் கண்ணாடியும், கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி முடிச்சுப் போட்ட டையுமாக. வேறொரு கண்டத்து டென்னிஸ்காரி, கையில்லாத ஸ்வெட்டரும் முழங்கால்வரை சாக்ஸுமாக. ஓட்டக்காரர் ஒருவர் சட்டைப் பையில் பேனாக்களைக் குத்திக்கொண்டு நிற்கிறார். நிறம் வேறு, மொழி வேறு, ஆனால் எல்லாரும் என் பத்தாம் வகுப்பு குரூப் ஃபோட்டோவிலிருந்து தப்பி ஓடிவந்தவர்கள்.

"மேட்சுக்கு உள்ள நடந்து வர்றதையே இப்ப ஃபோட்டோ எடுக்கிறாங்கப்பா. அதுக்குன்னே டிரஸ் பண்ணிட்டு வருவாங்க. இதுக்குப் பேரு நெர்ட் லுக்."

"எங்க காலத்துல இதுக்குப் பேரு அடி வாங்குற லுக்."

சிரித்தாள். சட்டென்று நிறுத்திக்கொண்டாள். என்ன ஞாபகம் வந்தது என்று எனக்குத் தெரியும். டீ ஆறிப்போனது.

மார்ச் 21, சனி

எழுதிவிடுகிறேன்.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி அணியில் முதல் மேட்ச். நான் லேபிலிருந்து நேராக ஓடினேன். தோளில் பை, பின்மண்டையில் எலாஸ்டிக், மூக்கில் பிளாஸ்திரி. கேலரியில் எழுந்து நின்று கத்து கத்தென்று கத்தினேன். அவள் அணியில் இருந்த பெண்ணே ஒருத்தி கேட்டாள், எனக்கே கேட்கிற மாதிரி. "யாருடி அது பிளாஸ்திரி சோடா? உங்க அப்பாவா?" மொத்த பெஞ்சும் சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்கு 'சோடா' என்றே பெயர் விழுந்துவிட்டது. என் பட்டப்பெயரைச் சொத்தாக எழுதி வைத்துவிட்டேன்.

திரும்பி வரும்போது கேட் பக்கத்தில் நின்று சொன்னாள். "அப்பா, இனிமே மேட்சுக்கு நீங்க வர வேணாம்."

"சரிம்மா" என்றேன்.

குழந்தை. குழந்தை என்ன சொல்லும்? எனக்குக் கோபமில்லை என்று அன்றைக்கும் சொன்னேன், பத்து வருஷமாகச் சொல்கிறேன். பொய். கோபம்தான். அவள்மேல் இல்லை. யார்மேல்? தெரியவில்லை. "புது ஃப்ரேம் வாங்கிட்டுப் போங்களேன்" என்று இவள் எத்தனை முறை சொல்லியிருப்பாள். நான் ஏன் மாத்தணும்? அவ அடிச்சு உடைச்சது. அதைப் பாத்துதானே சிரிச்சாங்க. நான் ஏன் மாத்தணும்?

மாற்றவும் இல்லை, போகவும் இல்லை. அவள் ஆட்டத்தை ஸ்கோராகத்தான் பார்க்கிறேன், பேப்பரில். ஸ்கோர் பார்க்கவென்றே பிறந்தவன்.

மார்ச் 28, சனி

இடது கண்ணும் ஆயிற்று.

மார்ச் 31, செவ்வாய்

குளியலறையில் முகம் பார்த்தேன். யார் இந்த ஆள்? மூக்கின் இரண்டு பக்கமும் பள்ளம். லென்ஸுக்குப் பின்னால் பட்டாணி அளவில் இருந்த கண் இப்போது முழுசாக விழித்துப் பார்க்கிறது. விரல் தானாக மூக்குக்குப் போய், தள்ள ஒன்றுமில்லாமல் திரும்புகிறது.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி நிறுத்திவிட்டார். "யாரைப் பாக்கணும் சார்?" தினமும் வணக்கம் சொல்கிற மனிதர்!

இவள் ஒரு டீ-ஷர்ட்டும் ஜீன்ஸும் வாங்கி வந்திருக்கிறாள். போட்டுக் காட்டினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கீங்க. ஆனா யாரோ வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு."

ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லாம் என் மூஞ்சியை மாட்டிக்கொண்டு திரிய, நான் அவர்கள் கழற்றிப்போட்டதை மாட்டிக்கொண்டு நிற்கிறேன். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பழைய ஆள் போய்விட்டானே. மீசையை முதலில் பார்த்தவன், மாடியில் பந்து போட்டவன். இப்படித் திடீரென்று, ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல்.

ஏப்ரல் 5, ஞாயிறு

மகள் வந்தாள். வந்ததும் சமையலறையில் அம்மாவோடு குசுகுசு. அப்புறம் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, உங்க பழைய ஃப்ரேமை நான் எடுத்துக்கட்டுமா?"

"எதுக்கு?"

"எங்க டீம் முழுக்க நெர்ட் லுக்லதான் உள்ள போகப் போறோம். எல்லாரும் கடையில வாங்குறாங்க. நம்ம வீட்ல ஒரிஜினலே இருக்கேன்னு..."

சட்டையும் கேட்டாள். வெள்ளை அரைக்கை, பையில் மைக்கறை இருக்குமே, அந்த மாதிரி. "அதையெல்லாம் நான் அடுப்பு துடைக்க எடுத்துட்டேனே" என்று இவள் கையைப் பிசைந்தாள். ஒன்று மட்டும் அலமாரியின் அடியில் தப்பிப் பிழைத்திருந்தது.

இடது லென்ஸ் இன்னும் ஃப்ரேமில் இருந்தது. கடைக்குக் கொண்டுபோகிறேன் என்றாள். வேண்டாம் என்று நானே கட்டைவிரலால் அழுத்தினேன். டப்பென்று மடியில் விழுந்தது. என்னமோ போல் இருந்தது. அவள் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள், நடுவில் பிளாஸ்திரியோடு. இருபத்திரண்டு வயதில் நான் இப்படித்தான் இருந்திருப்பேன், இன்னும் கொஞ்சம் அழகு குறைவாக.

"பிளாஸ்திரியை எடுத்துட்டு நல்லா ஒட்டிக்கோம்மா" என்றேன்.

"வேணாம். இருக்கட்டும்."

வாசல்வரை போனவள் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஃபைனலுக்கு வந்துடுவோம்னு நினைக்கிறேன்பா. பத்தொன்பதாம் தேதி, ஞாயித்துக்கிழமை" என்றாள்.

"நல்லா ஆடு."

கண்ணாடியை எடுத்துக்கொண்டாள், சட்டையை எடுத்துக்கொண்டாள். 'வாங்கப்பா' என்ற ஒரு வார்த்தைதான் பாக்கி.

ஏப்ரல் 11, சனி

அரையிறுதியில் ஜெயித்துவிட்டார்கள். பேப்பரில் மூன்று வரி. கடைசி வரியில் அவளுடைய ஆட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அந்த வரியைக் காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 16, வியாழன்

இவளோடு சண்டை.

"ரெண்டு பாஸ் குடுத்திருக்கா. வர்றீங்களா இல்லையா?"

"உன்கிட்டதானே குடுத்தா?"

"உங்ககிட்ட வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணுமா? நீங்க என்ன சம்பந்தி வீடா?"

"வராதேன்னு அவ வாயாலதான் சொன்னா. வான்னும் அவ வாயாலதான் சொல்லணும்."

"அப்ப அவளுக்குப் பன்னெண்டு வயசு. உங்களுக்கு இப்ப என்ன வயசு?"

பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"அவ என்கிட்ட கேக்குறா, அப்பா வருவாரான்னு. நீயே கேளுடின்னா, பயமா இருக்குங்கிறா. ரெண்டும் ஒரே அச்சு. நடுவுல நான் மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஷிஃப்ட் என்று சொல்லிவிட்டேன். ஷிஃப்ட் இல்லை என்று இவளுக்குத் தெரியும். தெரியும் என்று எனக்கும் தெரியும்.

ஏப்ரல் 18, சனி

ஒரு யோசனை. காவலாளிக்கே அடையாளம் தெரியவில்லை. பேருந்தில் எதிர்வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்படியென்றால் அந்த டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு கேலரியின் மேல் வரிசையில் உட்கார்ந்தால் யாருக்குத் தெரியும்? 'பிளாஸ்திரி சோடா'வைத் தேடினாலும் கிடைக்க மாட்டான். ஒரு ஆட்டம். ஒரே ஒரு ஆட்டம் பார்த்துவிட்டு வந்துவிடலாம். அவளுக்கும் தலைகுனிவு இல்லை, எனக்கும் வீம்பு குறையாது.

இவளிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

இவள் முன்னால் கிளம்பினாள். அரை மணி கழித்து நான். வாசலில் டிக்கெட் வாங்கி மேலே ஏறினால்— கேலரி முழுக்க நான்! எங்கே திரும்பினாலும் பட்டைக் கண்ணாடி. ஆணும் பெண்ணுமாக ஐந்நூறு சோடாபுட்டி. அத்தனை பேருக்கும் ஃப்ரேம் நடுவில் வெள்ளைப் பிளாஸ்திரி. அந்தக் கூட்டத்தில் வெறும் மூக்கோடு உட்கார்ந்திருந்த ஒரே ஆள் நான்தான்.

பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண். கேட்டேன். "ஏம்மா, எல்லாரும் எதுக்கு நடுவுல பிளாஸ்திரி ஒட்டியிருக்கீங்க? உடைஞ்சு போச்சா?"

"ஐயோ அங்கிள், தெரியாதா? இது சோடா அக்கா ஸ்டைல். அவங்க போன வாரம் ஒரு வீடியோ போட்டாங்க. அவங்க அடிச்ச முதல் ஸ்மாஷ்ல அவங்க அப்பா கண்ணாடி உடைஞ்சு போச்சாம். அவரு கடைசிவரைக்கும் அந்தக் கண்ணாடிய மாத்தவே இல்லையாம். பிளாஸ்திரி ஒட்டி ஒட்டியே போட்டாராம். அவருதான் அக்காவோட முதல் கோச்."

கோச். என்னை.

தலையை மட்டும் ஆட்டினேன்.

அணி உள்ளே வந்தது. தொளதொளச் சட்டை, கழுத்துவரை பட்டன், பட்டைக் கண்ணாடி. எல்லாருக்கும் முன்னால் அவள், மைக்கறை போட்ட என் சட்டையில். "சோடா! சோடா!" என்று கூரை பறக்கக் கத்துகிறார்கள். அந்தப் பெயருக்கா இப்படி? எத்தனை நாள் அந்தப் பெயரைக் கேட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்திருக்கிறேன்.

அவள் கையசைத்துக்கொண்டே கீழ் வரிசையைப் பார்த்தாள். அங்கே இவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். அந்தக் கைப்பையைப் பார்த்ததும் மகளின் முகம் வாடியதை மேலேயிருந்து பார்த்தேன். இந்தப் புதுக் கண்ணால் இனி எதுவும் தப்பாது போலிருக்கிறது.

அப்புறம் அவள் கேலரியைப் பார்க்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு வரிசையாக, ஒவ்வொரு கண்ணாடியாக. என்னைத்தான் தேடுகிறாள் என்று எனக்கு உறைக்கவே கொஞ்சம் நேரமாயிற்று. கையை உயர்த்தினேன். அவள் பார்வை என்மேல் பட்டது, நிற்காமல் அடுத்தவருக்குப் போய்விட்டது. யாரோ ஒரு டீ-ஷர்ட்காரன்!

ஐயோ, இங்கதாம்மா இருக்கேன். இங்க.

"கண்ணு, அந்தக் கண்ணாடிய ஒரு நிமிஷம் குடும்மா" என்று பக்கத்துப் பெண்ணிடம் கேட்டேன். அவள் குழம்பிப்போய்க் கொடுத்தாள். மாட்டிக்கொண்டு எழுந்து நின்றேன். பத்து வருஷத்துக் கோபமும் எங்கே போனதோ. ஒரு விரலால் மூக்கில் மேலே தள்ளினேன்.

அவள் நின்றுவிட்டாள். நடந்துகொண்டிருந்த அணி அவள்மேல் முட்டிக்கொண்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் கையை எடுத்து, ஒரு விரலால் என் கண்ணாடியை அவள் மூக்கில் மேலே தள்ளிக் காட்டினாள்.

ரெடி.

பக்கத்துப் பெண் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அங்கிள்... நீங்களா?" என்றாள். அதற்குமேல் அந்த வரிசையில் யாரும் உட்காரவில்லை.

தோற்றுவிட்டார்கள், ஐந்தாவது செட்டில், இரண்டே புள்ளியில். எதிரணிக்காரியின் தோள் திரும்புவதை முன்பே பார்த்து நான் கத்திக்கொண்டேதான் இருந்தேன், அந்தச் சத்தத்தில் எங்கே கேட்கும்?

வெளியே வந்ததும் நேரே என்னிடம் வந்து தோளில் ஓங்கி ஒரு அடி.

"எவ்வளவு நேரம் தேடினேன் தெரியுமா? பழைய ஞாபகத்துல அத்தனை சோடாபுட்டியும் பாத்தேன். நீங்க மட்டும் இல்ல."

"நீ கூப்பிடவே இல்லையேம்மா."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்பிடுறது?"

"எனக்கும் அதே கஷ்டம்தான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?"

சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். இவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "ஷிஃப்ட் முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரல் 20, திங்கள்

குரல் போய்விட்டது. லேபில் சைகையிலேயே வேலை. பயிற்சி டாக்டர் ஃப்ரேமில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறான். எங்கிருந்து வந்த ஸ்டைல் என்று நான் சொல்லவில்லை.

மே 9, சனி

அடுத்த வாரம் புதுப் போட்டி தொடங்குகிறது. நேற்று போன் செய்தாள். "அப்பா, வாங்க. கீழ் வரிசையில. உங்களைத் தேடிக்கிட்டு இருக்க என்னால முடியாது."

காலையில் கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பதறிவிட்டார். "என்ன சார், ஆபரேஷன் சரியா வரலையா?"

"அதெல்லாம் நல்லா இருக்கு. ஒரு ஃப்ரேம் வேணும். கருப்பு, பட்டையா."

"பவர் எவ்வளவு போடணும்?"

"பவரெல்லாம் இல்லைங்க" என்றேன். "சும்மா, மேட்சுக்கு."